நுண்ணுயிரியல் அறிஞர் வில்லியம் ஹிண்டன்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில் அறிவியலறிஞர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். பாஸ்டரைப் பற்றியும் கோக்கைப் பற்றியும் பாடநூல்களே சொல்லிவிடுகின்றன. பாடநூல் சொல்லாத ஒருவரை இன்று அறிமுகப்படுத்தலாம் என்று எண்ணினோம். அவர் பெயர் டாக்டர் வில்லியம் அகஸ்டஸ் ஹிண்டன். அமெரிக்க நாட்டுக் கறுப்பின மருத்துவர், நுண்ணுயிரியல் அறிஞர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர்.

இவரைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் கல்லூரிக்குள் காலடி வைத்த நாள்முதல் ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "தகுதி இருந்தால் கதவு தானே திறக்கும்" என்பதே அச்சொல். அது எவ்வளவு தூரம் மெய் என்பதை ஹிண்டனின் வாழ்க்கையை உரைகல்லாக வைத்து உரசிப் பார்க்கலாம். தகுதியில் அவரிடம் குறை காண யாராலும் இயலவில்லை. ஆயினும் கதவு எப்போது திறந்தது என்பதைக் கேளுங்கள்.

ஹிண்டன் 1883-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை அகஸ்டஸ் ஹிண்டன், தாய் மரியா கிளார்க். இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1865-இல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த மகன் இவர். பள்ளிக்கூடத்தின் வாசலைக் காணாத அப்பெற்றோர், மனிதர் எவர்க்கும் சம வாய்ப்பு என்பதை வீட்டில் நடைமுறையாகவே கைக்கொண்டிருந்தனர் என்று மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். குடும்பம் கான்சாஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளிப் படிப்பை முடித்து, கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஹார்வர்டு கல்லூரிக்கு மாறி, 1905-இல் பட்டம் பெற்றார்.

மருத்துவம் பயிலவேண்டும் என்பது விருப்பம்; கையில் பொருள் இல்லை. ஆகவே நான்கு ஆண்டுகள் ஆசிரியர் வேலை பார்த்தார். டென்னசி மாநிலத்து நாஷ்வில்லிலும், ஓக்லஹோமா மாநிலத்து லாங்ஸ்டனிலும் கறுப்பின மாணவர்க்கான கல்லூரிகளில் அறிவியல் கற்பித்தார். கோடை விடுமுறைகளில் சும்மா இருந்தாரில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் சென்று நுண்ணுயிரியலும் உடலியலும் பயின்றார். லாங்ஸ்டனில் உடன் பணியாற்றிய ஆசிரியை ஏடா ஹாஸ் என்பவரை 1909-இல் மணந்தார். அதே ஆண்டில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அன்பர்களே, அக்கல்லூரிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அதை இங்கே சொல்லாமல் மேற்செல்ல இயலாது. 1850-ஆம் ஆண்டில் மார்ட்டின் டிலேனி முதலிய மூன்று கறுப்பின மாணவர்களை அக்கல்லூரி சேர்த்துக்கொண்டது. உடனே வெள்ளை மாணவர்களில் ஒரு பகுதியினர் மனு எழுதினர். கறுப்பர்களோடு ஒரே வகுப்பில் அமரத் தங்களால் ஆகாது என்பது அம்மனுவின் சாரம். மறுப்புத் தெரிவித்து அம்மூவருக்காகப் பரிந்து எழுதிய வெள்ளை மாணவர்களும் இருந்தனர். ஆனால் வென்றது முதல் மனுவே. அப்போது கல்லூரி முதல்வராயிருந்தவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். பெரிய மருத்துவர், பெயர் பெற்ற கவிஞர். அப்பருவம் முடிந்தபின் அம்மூவரும் திரும்பி வரவேண்டா என்று கல்லூரி முடிவு செய்தது. பின்னர் நிலைமை மெல்ல மாறிற்று. ஹிண்டனுக்கு முன்னரே கறுப்பின மாணவர் சிலர் அங்கே மருத்துவப் பட்டம் பெற்றனர் என்றாலும், வாசலில் நின்ற அந்தப் பழைய நிழல் முற்றிலும் விலகியிருக்கவில்லை.

மருத்துவக் கல்லூரியில் ஹிண்டன் செய்த ஒரு செயலை அவர் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிப்பிடுவர். கறுப்பின மாணவர்க்கென ஒதுக்கப்பட்ட உதவித்தொகை ஒன்று அவருக்கு அளிக்கப்பட்டது. அவர் அதை ஏற்கவில்லை. எல்லா மாணவரும் போட்டியிடக்கூடிய விக்கிள்ஸ்வொர்த் உதவித்தொகைக்குப் போட்டியிட்டார். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அதை வென்றார். மூன்றாண்டுகளிலேயே படிப்பை முடித்து, 1912-இல் சிறப்புத் தகுதியுடன் மருத்துவர் பட்டம் பெற்றார்.

இந்தச் செய்தியை நம் இளைஞர்களிடம் சொல்லும்போது சற்று எச்சரிக்கை தேவை. "பார்த்தீர்களா, தனி ஒதுக்கீடு வேண்டாம் என்றவரே பெரியவர்" என்று இதை நம்மை நோக்கி எறிவதற்குச் சிலர் காத்திருப்பர். ஹிண்டன் மறுத்தது அவருடைய தன்மான உணர்ச்சி. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் பட்டம் பெற்றதற்கு மறு ஆண்டு, 1913-இல், பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டு நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்தார் அண்ணல் அம்பேத்கர். உதவித்தொகை பெற்றதால் அண்ணலின் கல்வி ஒரு குன்றிமணி அளவும் குறைந்துவிடவில்லை. ஏற்றவரும் கற்றார், மறுத்தவரும் கற்றார். ஆராய வேண்டியது அதன்பின் இருவருக்கும் நேர்ந்தது என்ன என்பதைத்தான். அண்ணல் 1917-இல் பரோடாவுக்குப் பணியாற்றத் திரும்பியபோது தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் இருந்தும் விரட்டப்பட்டார். ஹிண்டனுக்கு நேர்ந்ததை இனிச் சொல்கிறோம்.

அறுவை மருத்துவராக வேண்டும் என்பது அவர் எண்ணம். நம் நாட்டில் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி என்கிறோமே, அப்பயிற்சி பெறாமல் எவரும் அறுவை மருத்துவர் ஆக முடியாது. ஹார்வர்டில் சிறப்புத் தகுதியுடன் தேறியவருக்கு, திறந்த போட்டியில் இருமுறை வென்றவருக்கு, பாஸ்டன் நகர மருத்துவமனைகளில் அப்பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் நிறம், வேறொன்றுமில்லை. எந்தச் சலுகையும் வேண்டாம் என்று தேர்வெழுதி வென்ற மனிதரையே வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்றால், அந்த வாசலைக் காத்து நின்றது தகுதி அன்று என்பது விளங்கவில்லையா?

உயிருள்ள நோயாளியின் படுக்கையருகே செல்ல இடமில்லை. ஆனால் இறந்தவர்களிடம் செல்ல எவரும் தடுக்கவில்லை. மாசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவில் ஊதியமின்றித் தொண்டராகச் சேர்ந்தார். சிபிலிஸ் எனப்படும் மேகநோயால் மாண்டிருக்கலாம் என்று ஐயப்பட்டவர்களின் உடல்களை அறுத்துப் பார்ப்பது அவருக்கு இடப்பட்ட பணி. அவர் வாழ்நாள் ஆராய்ச்சியின் வித்து இங்கேதான் விழுந்தது. வாழ்வு ஒரு கதவை அடைத்தால் மறு கதவைத் திறக்கும் என்று இதற்கு அழகு கற்பிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. கதவை அடைத்தவர்கள் மனிதர்கள். அடுத்த வழியைத் தோண்டியவர் ஹிண்டன்.

அக்காலத்தில் மேகநோய் எத்தகைய கொடுமை என்பதை இன்றைய தலைமுறை உணர்வது அரிது. 1905-இல் ஷௌடின், ஹாப்மன் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள் அந்நோயின் கிருமியைக் கண்டனர். திருகாணி வடிவில் சுருண்டு நெளியும் அக்கிருமி உடலுக்குள் புகுந்தால் முதலில் ஒரு புண் தோன்றும். அது தானே ஆறும். பிறகு ஆண்டுக்கணக்கில் அடையாளமே இராது. இறுதியில் இதயத்தையோ மூளையையோ தாக்கும். தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தையையும் பற்றும். வெளியே அடையாளம் இல்லாத காலத்தில் நோயைக் கண்டறிய இரத்தச் சோதனை ஒன்றே வழி.

1906-இல் வாசர்மன் என்னும் ஜெர்மானியர் அத்தகைய சோதனை ஒன்றை வகுத்தார். மகத்தான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் செய்வதற்கு மிகச் சிக்கலானது. ஆட்டின் இரத்த அணு, கினிப்பன்றியின் சீரம், முயலின் சீரம் என்று பலவற்றை அளவு பிசகாமல் சேர்க்கவேண்டும். ஒன்று மாறினாலும் முடிவு மாறும். பிழையின் விலையை எண்ணிப் பாருங்கள். நோயற்ற ஒருவருக்கு நோய் உண்டு என்று முடிவு வந்தால் ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள் கலந்த ஊசிகளை மாதக்கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டும், மணவாழ்க்கை முறியும், ஊரார் தூற்றுவர். நோயுள்ளவருக்கு இல்லை என்று வந்தாலோ, மருந்தின்றி அழிவார். பிறக்கும் குழந்தையும் அழியும். மலேரியா, தொழுநோய் முதலிய வேறு நோய்கள் இருந்தாலும் இத்தகைய சோதனைகள் ஏமாற்றுவது உண்டு. ஏழைகளே இந்நோய்களுக்கு மிகுதியும் ஆளாயினர் ஆதலால், பிழையின் சுமையும் ஏழைகளின் தலைமீதே விழுந்தது.

1915-இல் ஹார்வர்டிலிருந்த வாசர்மன் ஆய்வுக்கூடம் மாசாசூசெட்ஸ் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. அதன் பொறுப்பு ஹிண்டனிடம் வந்தது. 1953 வரை அப்பொறுப்பை அவர் விடவில்லை. பகலெல்லாம் பிறர் அனுப்பிய இரத்தத்தைச் சோதிப்பது. அதற்கிடையே அந்தச் சோதனையின் குறைகளைக் குறித்து வைப்பது. பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1927-இல் தாமே வகுத்த புதிய சோதனையை வெளியிட்டார்.

அதன் முறை எளியது. மாட்டின் இதயத் தசையிலிருந்து எடுத்த சாற்றோடு கொலஸ்டிராலும் கிளிசரினும் சேர்த்து ஒரு கலவை ஆயத்தம் செய்வார். நோயாளியின் சீரத்தை முன்னதாகச் சூடேற்றி, இக்கலவையோடு சோதனைக் குழாயில் சேர்த்து, இளஞ்சூட்டு நீரில் வைப்பார். நோய் இருந்தால் சீரத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் கலவையோடு கூடித் திப்பிதிப்பியாகத் திரளும், கண்ணாலேயே காணலாம். நோய் இல்லையேல் திரளாது. ஆட்டு இரத்தமும் வேண்டா, கினிப்பன்றியும் வேண்டா. செலவு குறைவு, பிழையும் குறைவு. 1931-இல் டேவிஸ் என்னும் மருத்துவரோடு சேர்ந்து இம்முறையை மேலும் செப்பம் செய்தார். அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரப் பணித்துறை 1934-இல் ஹிண்டன் சோதனையை அக்காலத்திலிருந்த சோதனைகளுள் சிறந்ததாக மதித்தது.

இந்த இடத்தில் ஒன்றை நின்று எண்ணுதல் வேண்டும். மாநிலமெங்கும் மருத்துவர்கள் இரத்தத்தை எடுத்து ஹிண்டனின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். வெள்ளையர் வீட்டு மணமகளின் இரத்தமும் அங்கேதான் வந்தது. குழாயைக் கையிலேந்திப் பார்க்கும் விரல்களின் நிறம் பெட்டியில் வந்த இரத்தத்துக்குத் தெரியாது. அனுப்பிய மருத்துவர்களுள் பலருக்கும் தெரிந்திராது. தெரிந்தால் என்னாகும் என்ற எண்ணம் ஹிண்டனுக்கு இருந்தது. கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் தன் உயரிய விருதான ஸ்பிங்கார்ன் பதக்கத்தை 1938-இல் அவருக்கு அளிக்க முன்வந்தபோது அவர் அதை ஏற்கவில்லை. தம் பணி இன்னும் நிறைவடையவில்லை என்றார். தம் நிறம் ஊரறியப் பேசப்பட்டால் தம் சோதனையை ஏற்க மருத்துவர்கள் தயங்குவர் என்று அவர் அஞ்சியதாகவும் கூறுவர். தம் மக்கள் தமக்குச் சூட்ட வந்த மாலையை, தம் கண்டுபிடிப்பு பிழைக்கவேண்டும் என்பதற்காக விலக்கவேண்டிய நிலை! பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமோ என்று தயங்கி நின்றவர்கள் இக்கூட்டத்தில் இருப்பின், இந்நிலையை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1936-இல் "சிபிலிஸும் அதன் சிகிச்சையும்" என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் எழுதிய முதல் மருத்துவப் பாடநூல் அதுவே என்பர். இந்நோய் கறுப்பினத்தாரின் உடற்கூற்றோடு பிறந்தது என்று பேசிய வெள்ளை மருத்துவர்கள் அந்நாளில் பலர். ஹிண்டன் அதை ஏற்றாரில்லை. நோய் பரவுவதைத் தீர்மானிப்பது இனம் அன்று. வறுமையும் வாழ்க்கை நிலையுமே என்று எழுதினார். குடிநீரும் சுகாதாரமும் மறுக்கப்பட்ட சேரியைப் பார்த்து, "இவர்கள் அசுத்தமானவர்கள்" என்று சொல்லிப் போகிறவர்கள் இன்றும் உண்டல்லவா? அவர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்ட விடை அது.

அதே ஆண்டுகளில், ஹிண்டன் சோதனையைப் பாராட்டிய அதே பொதுச் சுகாதாரப் பணித்துறை, அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1932-இல் தொடங்கி, ஏழைக் கறுப்பின உழவர்கள் 600 பேரை ஓர் ஆய்வில் சேர்த்தது. அவர்களுள் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. நோய் இன்னதென்று அவர்களிடம் சொல்லவில்லை. மருந்தளிப்பதாக ஏமாற்றி, மருந்தளிக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தனர். பென்சிலின் இந்நோயைக் குணப்படுத்தும் என்பது 1943-இல் தெரிந்து, சில ஆண்டுகளில் அதுவே பொது மருந்தான பின்னும் அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. 1972-இல் செய்தித்தாள்களில் அம்பலமான பிறகே அது நின்றது. அறிவியல் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. யார் கையில், எந்த நெஞ்சோடு என்பதே கேள்வி. ஆகவேதான் நம் பிள்ளைகள் ஆய்வுக்கூடங்களுக்குள் செல்லவேண்டும் என்று மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறோம்.

இனிப் பேராசிரியர் பதவியின் கதை. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி 1918-இல் ஹிண்டனைப் பயிற்றுநராக அமர்த்தியது. நோய்த்தடுப்பு மருத்துவமும், பின்னர் நுண்ணுயிரியலும் நோயெதிர்ப்பியலும் கற்பித்தார். சோதனை வகுத்தார், நூல் எழுதினார், அரசு பாராட்டியது. 1940-இல் மோட்டார் வண்டி விபத்தில் ஒரு காலை இழந்தார். அதன் பின்னும் பணியை விட்டாரில்லை. அவரிடம் பயின்ற மாணவர்கள் தலை நரைத்த மருத்துவர்களாயினர். பேராசிரியர் என்ற பெயர் மட்டும் வரவில்லை. 1949-இல்தான் வந்தது, பயிற்றுநராக அமர்ந்து 31 ஆண்டுகள் கழிந்தபின், தம் 65-ஆம் வயதில். ஹார்வர்டின் வரலாற்றிலேயே முதல் கறுப்பினப் பேராசிரியர் என்று எல்லாரும் போற்றினர். மறு ஆண்டு, 1950-இல், அவர் ஓய்வு பெற்றார். பேராசிரியராக அவர் வகுப்புக்குச் சென்றது ஓராண்டுதான்.

இவற்றையெல்லாம்விட எம் மனத்தைக் கவர்வது வேறொன்று. 1931-இல் பாஸ்டன் டிஸ்பென்சரி என்னும் மருத்துவ நிலையத்தில் ஏழைப் பெண்களுக்காக ஒரு வகுப்பைத் தொடங்கினார். ஆய்வுக்கூட வேலைகளை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, மருத்துவமனைகளில் வேலை பெறச் செய்தார். தொண்டர்களைக் கொண்டு தொடங்கிய அவ்வகுப்பு, நாட்டின் முன்னணி ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பள்ளிகளுள் ஒன்றாக வளர்ந்தது. பயிற்சிக்கு இடமின்றி அலைந்தவர், பிறருக்குப் பயிற்சி இடம் உண்டாக்கினார்.

நம் சங்கத்தின் உதவியால் லேப் டெக்னீசியன் பட்டயம் படிக்கும் மாணவியர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்கிறோம். சீழிலோ சிறுநீரிலோ வளர்ந்த கிருமிக்கு எந்த ஆன்ட்டிபயாட்டிக் கேட்கும் என்று பார்க்க, தட்டில் எந்த வளர்ப்பூடகத்தை ஊற்றுகிறீர்கள்? முல்லர் ஹிண்டன் அகார் அல்லவா? அந்தப் புட்டியின் மீதுள்ள ஹிண்டன் யார் என்று எவரேனும் உங்களுக்குச் சொன்னதுண்டா? அவர் டாக்டர் ஹிண்டனின் மகள், ஜேன் ஹிண்டன். ஹார்வர்டில் ஜான் ஹோவர்டு முல்லர் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தபோது, 1941-இல் இருவரும் சேர்ந்து அதை உருவாக்கினர். மேகவெட்டையையும் மூளையுறை அழற்சியையும் உண்டாக்கும் கிருமிகள் எளிதில் வளராதவை. அவற்றை வளர்க்கவே அது செய்யப்பட்டது. அதில் சேர்த்த மாவுப்பொருள், கிருமி வளர்வதற்கு ஊறு செய்யும் நச்சுகளை உறிஞ்சிக்கொள்ளும். பிற்காலத்தில் மருந்துணர்வுச் சோதனைக்கு அதுவே உலகெங்கும் பொதுவான ஊடகமாயிற்று. ஜேன் அத்தோடு நிற்கவில்லை. கால்நடை மருத்துவம் பயின்று 1949-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் இரு கறுப்பினப் பெண்களுள் ஒருவர் அவர். தந்தை பேராசிரியரானதும் அதே ஆண்டில்தான். தந்தையின் சோதனை இன்று வழக்கில் இல்லை. அதனினும் விரைவான முறைகள் வந்துவிட்டன. மகளின் ஊடகமோ நம் ஊர் அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடங்களிலும் நாள்தோறும் தட்டில் ஊற்றப்படுகிறது.

டாக்டர் ஹிண்டன் 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் மறைந்தார். 1975-இல் மாசாசூசெட்ஸ் மாநில ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மாணவர்களைச் சில குழுக்களாகப் பிரித்திருப்பர். அவற்றுள் ஒன்று, முன்னே சொன்ன முதல்வர் ஹோம்ஸின் பெயரைத் தாங்கியிருந்தது. 2020-இல் அப்பெயரை நீக்கி, ஹிண்டன் பெயரை இட்டனர். 1850-க்கும் 2020-க்கும் இடையே 170 ஆண்டுகள்.

அவர் எழுதிவைத்த உயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். வாழ்நாள் சேமிப்பு 75,000 டாலரை, ஹார்வர்டில் பயிலும் பட்டமேற்படிப்பு மாணவர்களின் உதவித்தொகைக்கென விட்டுச் சென்றார். தம் பெயரை அதற்கு இடவில்லை. அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஐசனோவர், சம வாய்ப்புக் கொள்கை ஏற்கப்படுவதற்கு உதவினார் என்று கருதி அவர் பெயரை இட்டார். அடிமைகளாகப் பிறந்து, முறையான கல்வியின்றி வாழ்ந்த தம் தாய் தந்தையரையும் அவ்வுயிலில் நன்றியோடு குறிப்பிட்டார். மாணவப் பருவத்தில் தனக்கென ஒதுக்கிய உதவித்தொகையை வேண்டாம் என்றவர், முடிவில் பிறர்க்கு விட்டுச் சென்றது ஓர் உதவித்தொகையையே.